கழல மறுக்கும் முன் பல்சக்கரம்

பொழுது புலரும் முன்னரே மரம் சீவப் புறப்படும் தொழிலாளிக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. நிரைக்குச் செல்வதும், பாலைக் கொட்டகைக்குக் கொண்டு சேர்ப்பதும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் அதனாலேயே நடைபெறுகின்றன. 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் என்னும் வண்டியின் பெயரையொட்டியே இவ்வகைச் சிறு வண்டிகளை மலேசியாவில் யாவரும் கப்சாய் என்கின்றனர். தோட்டத்துச் செம்மண் பாதையில் இவ்வண்டிகள் படும் பாடு கொஞ்சமன்று. அப்பாட்டின் பெரும்பகுதியைத் தாங்குவது சங்கிலியும் அதனை இழுக்கும் பல்சக்கரங்களுமேயாகும்.

பட்டறைக்காரர்கள் ஸ்ப்ராக்கெட் என்றழைக்கும் இப்பல்சக்கரங்களுள் முன்னது சிறியது, பின்னது பெரியது. எடுத்துக்காட்டாக, முன்னதற்கு 14 பற்களும் பின்னதற்கு 35 பற்களும் இருக்குமாயின், பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் முன் பல்சக்கரம் இரண்டரைச் சுற்றுச் சுற்றிவிடும். ஆகவே அதன் ஒவ்வொரு பல்லும் அத்தனை மடங்கு மிகுதியாக உராய்கிறது. தேய்ந்த பற்கள் நேராக நில்லாமல் கொக்கிபோல் ஒருபுறம் சாயும். அந்நிலையில் சங்கிலி வழுக்கும். சில வேளைகளில் கழன்று பின்சக்கரத்தில் சிக்கி, ஓடும் வண்டியைத் திடீரென நிறுத்திவிடும். இருட்டில், ஈரமான பாதையில் இவ்வாறு நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

எனவே தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றியே ஆகவேண்டும். இவ்வேலையைப் பலர் தாமே செய்துகொள்கின்றனர். ஆனால் பழைய பல்சக்கரம் இடத்தைவிட்டு அசைய மறுக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பொறுமையிழந்து சுத்தியலை எடுப்பவர், சில வெள்ளி பெறுமான பொருளை மாற்றப்போய், அதனினும் பன்மடங்கு விலையுள்ள எந்திரக் கூட்டை உடைத்துவிடுகிறார். இதனைத் தவிர்க்கும் வழிகளை இங்கு காண்போம்.

ஏன் இறுகிப் போகிறது?

எந்திரத்திலிருந்து இடப்பக்கமாக வெளிவரும் தண்டின்மேல், நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளங்களும் மேடுகளும் உள்ளன. பல்சக்கரத்தின் நடுத்துளையிலும் அவ்வாறே உள்ளன. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதால் தண்டு சுழலும்போது பல்சக்கரமும் உடன் சுழல்கிறது. புதிதாக இருக்கும்போது கையாலேயே தள்ளி மாட்டவும் இழுத்துக் கழற்றவும் இயலும். பின்னர் அது இறுகுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, துரு. மழைநீரும் சேறும் மூடிக்குள் புகுந்து தங்குகின்றன. உர மூட்டையும், பாலை உறையவைக்கும் ஆசிட்டும் ஏற்றிச் செல்லும் வண்டிகளில், அவை சிந்துமானால் இரும்பு இன்னும் விரைவாக அரிபடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பருமனில் மிகுந்தது. எனவே அது இடுக்கை நிரப்பி இரண்டையும் பிணைத்துவிடுகிறது.

இரண்டாவது, தேய்மானம். நெடுநாள் உழைத்த தண்டின் வரிகளில், பல்சக்கரம் அழுந்திய இடம் பள்ளமாகி, அதன் விளிம்பு சிறு படிபோல் மேலெழும்பி நிற்கும். பல்சக்கரம் அப்படியில் தடுக்கி நிற்கிறது.

மூன்றாவது, நம் கவனக்குறைவு. சங்கிலியைத் தளர்த்தாமலோ, பூட்டுத் தகட்டை முழுமையாக எடுக்காமலோ இழுத்தால், இறுகாத பல்சக்கரமும் வராது. ஆகவே இறுகிவிட்டது என்று முடிவு செய்யும் முன் இவ்விரண்டையும் சரிபார்த்தல் வேண்டும்.

தொடங்கும் முன்

வண்டியைச் சமதளத்தில் நடுத்தாங்கியின்மேல் நிறுத்துக. எந்திரம் ஆறியிருத்தல் வேண்டும். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிளக்கின் தொப்பியையும் கழற்றிவிடுக. சங்கிலியைச் சுற்றச் செய்வதற்காக எந்திரத்தை ஓடவிட்டு, துணியும் கையுமாக அதன் அருகில் செல்வோர் உளர். சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் இடையில் துணி சிக்கினால் விரலும் உடன் செல்லும். கையை மீட்டுக்கொள்ள நேரமிராது. மரம் சீவும் கத்தியைப் பிடிக்கும் விரல்கள் அவை. அவற்றுக்கு மாற்று உறுப்பு எந்தக் கடையிலும் கிடையாது.

அடுத்து, கியர் மிதியை எடுக்க வேண்டும். அது தண்டில் எந்த இடத்தில் பொருந்தியிருந்தது என்பதற்கு ஒரு புள்ளி அடையாளமிடுக. அதன் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது. முற்றாக உருவியெடுக்க வேண்டும். ஏனெனில் பல வண்டிகளில் அந்தப் போல்ட்டு தண்டிலுள்ள ஒரு பள்ளத்தின் வழியே செல்கிறது. பிறகு பல்சக்கரத்தை மறைக்கும் மூடியையும், இருப்பின் சங்கிலிக் கூட்டையும் அகற்றுக. படிந்துள்ள மண்ணையும் பழைய கிரீஸையும் மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் துடைத்தெடுக்கவும். பெட்ரோலைப் பயன்படுத்த வேண்டா. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும்.

பூட்டை அறிதல்

பல்சக்கரம் வெளியே நழுவாதிருக்க ஏதேனும் ஒரு பூட்டு இருக்கும். ஹோண்டா கப்சாய் வண்டிகளில் இரண்டு சிறு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்ட ஒரு தகடு உள்ளது. போல்ட்டுகளை எடுத்தபின், தகட்டைச் சற்றே திருப்பி, அதன் பற்கள் தண்டின் பள்ளங்களுக்கு நேராக வந்ததும் வெளியே இழுக்க வேண்டும். திருப்பாமல் இழுத்தால் வராது. வேறு சில வண்டிகளில் தண்டின் பள்ளத்தில் அமர்ந்த வளையப்பூட்டு இருக்கும். பெரிய வண்டிகள் பலவற்றில் ஒரு பெரிய நட்டும், அது கழலாதவாறு விளிம்பு மடக்கப்பட்ட தகட்டு வாஷரும் இருக்கும். மடங்கிய விளிம்பை உளியால் நிமிர்த்திய பின்னரே நட்டில் ஸ்பானரை வைக்க வேண்டும்.

நட்டோ போல்ட்டோ மிக இறுகியிருந்தால் பல்சக்கரம் சுழலாதவாறு நிறுத்துதல் அவசியம். இதற்காகச் சங்கிலிக்கும் எந்திரக் கூட்டுக்கும் நடுவே இரும்புத்துண்டைச் செருகுவது பெருந்தவறு. கூடு அலுமினியத்தால் ஆனது, வெடித்துவிடும். சங்கிலி பூட்டியிருக்கும்போதே வேறொருவரைப் பின் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொன்னால் போதும். பின்சக்கரம் நிற்க, சங்கிலி நிற்க, பல்சக்கரமும் நிற்கும். ஆகவே முதலில் நட்டைக் கழற்றுதல், அதன்பின் சங்கிலியைத் தளர்த்துதல் என்னும் வரிசையை மாற்றலாகாது.

பூட்டு வந்த பிறகு பின் அச்சின் நட்டையும் இருபுறத்துச் சரிசெய் திருகுகளையும் தளர்த்தி, பின்சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுக. சங்கிலி தொய்யும். இப்போது பல்சக்கரத்தைப் பிடித்து இழுத்துப் பார்க்கலாம்.

இன்னமும் அசையவில்லையா?

முதல் மருந்து எண்ணெய். இரண்டாவது மருந்து பொறுமை. துருவில் ஊடுருவும் எண்ணெய் கடைகளில் குப்பிகளில் கிடைக்கும். சனிக்கிழமை மாலை அதனைத் தண்டும் பல்சக்கரமும் சேரும் இடத்தில் விட்டு, ஞாயிறு காலைவரை ஊறவிடுக. இடையில் ஓரிரு முறை மீண்டும் விடுதல் நன்று.

மறுநாள் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைக்கவும். சங்கிலி பல்சக்கரத்தை அசைக்க, துரு உதிரும். எண்ணெய் உள்ளே இறங்கும். இவ்வாறு அசைக்கும்போது எவரும் சங்கிலியருகே கை வைக்கலாகாது. சக்கரம் நின்ற பிறகே பல்சக்கரத்தைத் தொட்டு, மேலும் கீழுமாக ஆட்டி இழுக்க வேண்டும்.

படிபோன்ற விளிம்பு தண்டில் தென்பட்டால், சிறிய அரத்தால் அவ்விளிம்பை மட்டும் இலேசாகத் தேய்த்து நீக்குக. அரத்தூள் உள்ளே விழாதபடி பின்னால் துணியைச் செருகிவைத்து, பின்னர் மறவாமல் எடுத்துவிடுக.

அடுத்த வழி, வெப்பம். கொதிநீரில் நனைத்த துணியை இடுக்கியால் எடுத்துப் பல்சக்கரத்தின்மீது சில நிமிடம் சுற்றி வைத்தால், அது தண்டைவிட முந்திச் சூடேறிச் சற்றே விரியும். உடனே தடித்த கையுறையணிந்து இழுத்துப் பார்க்க வேண்டும். எரிவாயுச் சுடரைக் காட்டுவது கூடாது. பல்சக்கரத்தின் பின்னால், எண்ணெய் கசியாமல் காக்கும் ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம் உள்ளது. நாம் சீவும் மரத்தின் ரப்பர், எந்திர எண்ணெயில் ஊறினால் உப்பிப் பயனற்றுப் போகும். ஆகையால் இவ்வளையத்தை எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பரால் செய்கின்றனர். அதுவும் சுடரின் வெப்பத்தைத் தாங்காது.

இதற்கும் மசியாவிடில், புல்லர் என்னும் இழுப்பான் தேவை. அதன் இரு கால்களும் பல்சக்கரத்தின் பின்புறத்தைக் கவ்வ, நடுத்திருகு தண்டின் முனையில் அழுந்தும். முனை சிதையாதிருக்க இடையில் ஒரு தடித்த இரும்புத்துண்டை வைக்கவும். திருகைச் சிறிது இறுக்கி, பல்சக்கரத்தின் மேல் மெல்லத் தட்டி, மீண்டும் சிறிது இறுக்கவேண்டும். ஒரேயடியாக முறுக்குவது கருவியை உடைக்கும்.

செய்யத் தகாதவை

தண்டின் முனையில் சுத்தியலால் ஓங்கி அடித்தல் ஆகாது. அவ்வடி உள்ளிருக்கும் பேரிங்கைத் தாக்கும். திருப்புளியைக் கூட்டின்மேல் ஊன்றி நெம்புதல் ஆகாது. சீல் கிழியும், கூடும் உடையும். பூட்டுத் தகட்டின் போல்ட்டுத் துளைகளில் நீண்ட போல்ட்டுகளைச் செலுத்திப் பல்சக்கரத்தைத் தள்ள முயல்வதும் ஆகாது. அவற்றின் முனை அலுமினியக் கூட்டின்மீதே அழுந்தும்.

மேற்கூறியவற்றால் பயன் கிட்டாவிடில் பட்டறைக்குச் செல்வதே அறிவுடைமை. பழைய பல்சக்கரம் எப்படியும் எறியப்படுவதுதான். ஆகவே தேர்ந்த தொழிலாளர் தண்டைத் தொடாமல் அதனை ஓரிடத்தில் அறுத்து, உளியால் பிளந்து எடுத்துவிடுவர். அதற்குக் கொடுக்கும் கூலி வீண்செலவன்று.

மீண்டும் மாட்டும்போது

தண்டின் வரிகளைத் துடைத்து, மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவுக. அடுத்த முறை இத்தனை தொல்லை இராது. முன், பின் பல்சக்கரங்களையும் சங்கிலியையும் ஒருசேர மாற்றுதல் சிறப்பு. பழைய சங்கிலி புதிய பற்களை விரைவில் கெடுத்துவிடும். மடக்கு வாஷர் இருப்பின் புதியதை இட்டு விளிம்பை மறவாமல் மடக்குக. சங்கிலி இணைப்பின் கவ்வியில், மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும்.

சங்கிலியின் தொய்வு பல சிறிய வண்டிகளுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்க. பின்சக்கரம் கோணாமல் இருபுற அடையாளங்களும் ஒத்திருக்கின்றனவா, பின் அச்சின் நட்டு இறுகியுள்ளதா என்று பார்க்கவும். சக்கரம் நகர்ந்ததால் பின் பிரேக்கையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். லயத்தின் முன்னால் மெதுவாக ஓட்டிப் பார்த்த பின்னரே சாலைக்குச் செல்க.

மாதம் ஒருமுறை மூடிக்குள் சேர்ந்த சேற்றை வழித்து, சங்கிலிக்கு எண்ணெயிடும் வழக்கம் இருக்குமானால் பல்சக்கரம் இறுகுவது அரிதாகும். பால்மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாமல் சீவும் கை, எங்கே அழுத்தவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அறிந்த கையாகும். அதே பக்குவத்தை நம் வண்டியிடமும் காட்டுவோமாக.