61 நாள் விடுப்பு

நல்லம்பள்ளியில் செவ்வாய்க்கிழமை சந்தை. ஆட்டு வியாபாரத்துக்குப் பேர்போனது. கடலோ, எந்தப் பக்கம் போனாலும் பல மணி நேரப் பயணம். இந்த ஊரிலிருந்து மீன்பிடித் தொழிலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால், ஊரை ஒட்டிப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைத்தான் காட்ட வேண்டும். ஸ்ரீநகரில் புறப்படும் அந்தச் சாலை தொப்பூர் கணவாயில் இறங்கி, சேலம், மதுரை தாண்டி, கன்னியாகுமரியில் கடலைக் கண்ட பிறகுதான் நிற்கிறது.

அது முடிகிற மாவட்டத்தில் மீன்பிடிக்கு இரண்டு காலண்டர். சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் போனால் மேற்குக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக 2001இல் தமிழ்நாட்டில் தடைக்காலம் வந்தபோது 45 நாள்தான், 2017இல் நீட்டினார்கள்.

ஊர் சுற்றும் ஆசை உள்ளவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விடுப்புக் கடிதம் எழுத வேண்டாம், மேலாளரின் முகம் பார்க்க வேண்டாம். நானும் அப்படித்தான் பொறாமைப்பட்டேன், கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை. படகில் போகிறவருக்கு மாதச் சம்பளம் இல்லை, பங்குதான். கடலுக்குப் போகாவிட்டால் பங்கும் இல்லை. அரசு நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு அவ்வளவுதான். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது, வர்ணம் அடிப்பது, வலை பின்னுவது எல்லாம் இந்த நாட்களில்தான். கடன்காரரும் இப்போதுதான் வீட்டில் ஆளைப் பிடிக்க முடியும்.

அதனால் கிழக்கே தடை விழுந்ததும் மேற்கே மங்களூரு, கோவா என்று வேலை தேடிப் போகலாம். மேற்கே மூடியதும் கிழக்கே திரும்பலாம். அப்படி ஓடுகிறவருக்கு இரண்டு கரையும் சேர்ந்து மூடியிருப்பது ஜூன் 1 முதல் 14 வரை மட்டும். ஊர் ஊராகப் போனதாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் பார்த்ததெல்லாம் துறைமுகம், ஐஸ் பிளான்ட், ஏலக்கூடம்.

நல்லம்பள்ளியிலிருந்து தர்மபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போனால் கணக்கு தலைகீழ். கிழக்குக் கடல் மூடிக்கிடக்கும் மே மாதம் அங்கே கூட்டம் அலைமோதும். பரிசல் ஓட்டுபவருக்கும் மீன் வறுத்துக் கொடுக்கும் பெண்களுக்கும் அதுதான் அறுவடை. கர்நாடகத்தில் மழை பிடித்து, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டால், பரிசல் இயக்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்துவிடும். பரிசல்காரருக்கு விடுப்பு கொடுப்பது காவிரி. எத்தனை நாள் என்று எந்தக் காலண்டரிலும் போட்டிருக்காது. ஒரு வாரத்திலும் முடியும், ஆடிப்பெருக்கையும் விழுங்கும்.

அந்த வகையில் கடல்காரர் கொடுத்துவைத்தவர். அவருக்குத் தேதியாவது தெரியும். ஜூன் முதல் வாரத்தில் குடும்பத்தோடு பஸ் ஏறலாம். ஒகேனக்கல் வந்து, இன்னொருவர் துடுப்புப் போட, பரிசலில் சும்மா உட்கார்ந்தும் போகலாம். கிழக்குக் கரை ஆளென்றால் 13ஆம் தேதிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். டீசல் பிடிக்க வேண்டும், ஐஸ் ஏற்ற வேண்டும். 14ஆம் தேதி நள்ளிரவு தாண்டினால் படகு கிளம்பிவிடும்.