பிரேக் பிடிக்காத செல்கள்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று உறுதியானால் அது குடும்பத்தின் துயரமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. 1982 முதல் கித்வாய் புற்றுநோய் நிலையம் பராமரித்துவரும் நகரப் பதிவேட்டிலும் இடம்பெறுகிறது. அதில் பெண்களின் முக்கிய எதிரிகளில் ஒன்று கருப்பை வாய்ப் புற்றுநோய்.

காரணம், பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸ். செல் இரண்டாகப் பிரியுமுன் பல சோதனைச் சாவடிகளைக் கடக்கவேண்டும். ஆர்பி என்ற புரதம்தான் பிரேக். பி53 காவலாளி: டி.என்.ஏ. சேதமடைந்தால் பிரிவதை நிறுத்தும். சரிசெய்ய முடியாவிட்டால் செல்லையே சாகடிக்கும். வைரஸின் இ7 புரதம் பிரேக்கைச் செயலிழக்க வைக்கிறது. இ6 காவலாளியைத் தீர்த்துக்கட்டுகிறது. செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன, தவறுகளையும் சுமந்துகொண்டு.

பெரும்பாலான பெண்களின் உடல் இந்த வைரஸைத் தானே விரட்டிவிடுகிறது. தங்கிவிட்டாலும், புற்றாக மாறப் பல ஆண்டுகள் பிடிக்கும். டாக்டர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான். வலியே இல்லாத கட்டத்தில் பாப் ஸ்மியர் சோதனை மாறிய செல்களைக் காட்டிக்கொடுக்கும், அப்போதே அகற்றிவிடலாம். சிறுமிகளுக்குத் தடுப்பூசி உண்டு. புணேயில் தயாராகும் செர்வாவேக் 2023-ல் விற்பனைக்கு வந்தது. ஆனால் எந்த ஊசியும் வைரஸின் எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. எனவே ஊசி போட்டுக்கொண்டவர்களும் 30 வயதுக்குமேல் சோதனையைத் தவிர்க்கக்கூடாது.