மொறுமொறுப்பு குச்சிக்கிழங்கில் இருக்கிறது

கடையில் வாங்கும் 200 கிராம் டோஃபுவில் ஏறக்குறைய 150 கிராம் தண்ணீர்தான். மிச்சத்தில் பெரும்பங்கு புரதம், கொஞ்சம் எண்ணெய். அதை ஏர் ஃப்ரையரில் வைத்து, வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும், மேலே வெல்லப் பாகு பளபளக்கவும் எடுக்க வேண்டுமானால், அந்தத் தண்ணீரில் எவ்வளவை வெளியேற்றுவது, எவ்வளவை உள்ளேயே தங்கவிடுவது என்பதுதான் முழுக் கேள்வியும். இயந்திரத்தின் விலையும் வாட்டும் அதற்குப் பிறகுதான்.

இதை இளம்பிள்ளையிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. கஞ்சமலைப் பக்கம், தறிச் சத்தத்தோடு விடியும் ஊர். சேலைக்குப் பெயர் போனது. டோஃபு அங்கே பிறந்த பண்டமில்லை. ஆனால் அதை மொறுமொறுப்பாக்கும் கிழங்கு மாவும், பளபளப்பாக்கும் வெல்லமும், அந்த ஊரைச் சுற்றியுள்ள சேலம், நாமக்கல் சமவெளியில்தான் மூட்டை மூட்டையாக உற்பத்தியாகின்றன. டோஃபுவுக்கு மூலமான சோயாவும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. நாமக்கல் பண்ணைக் கோழிகள் மக்காச்சோளத்தோடு சோயாப் புண்ணாக்கும் தின்றுதான் முட்டையிடுகின்றன. ஆக, சோயாவின் புரதம் கோழி வழியாகச் சுற்றிக்கொண்டு நம் தட்டுக்கு ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறது. டோஃபுவில் அது நேராக வருகிறது.

சோயாவை ஊறவைத்து, அரைத்து, கொதிக்கவைத்து, துணியில் வடித்தால் பால். கொதிப்பதை அவசரப்பட்டுக் குறைக்கக் கூடாது; பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது, நன்கு கொதித்தால்தான் அது செயலிழக்கும். கொதியில் இன்னொன்றும் நடக்கிறது. கிளைசினின் முதலான சோயாப் புரதங்கள் சுருண்ட நிலையிலிருந்து அவிழ்கின்றன. அந்நேரம் கால்சியமோ மக்னீசியமோ கலந்த உப்பைச் சேர்த்தால், அவிழ்ந்த புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. அந்த வலைக்குள் சிக்கிய தண்ணீரோடு சேர்ந்ததுதான் டோஃபு. சீனாவில் ஜிப்சம் எனும் கால்சியம் சல்ஃபேட்டையும், ஜப்பானில் கடல்நீரில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் மக்னீசியம் குளோரைடு நீரையும் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். மக்னீசியம் சேலத்துக்காரர்களுக்கு அந்நியமில்லை. செட்டிச்சாவடிப் பக்கம் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட்தான். அது உலைச் செங்கலுக்குப் போகிற கல். அடுப்படிக்கு உணவுத் தரத்தில் விற்கும் உப்புதான் வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் எலுமிச்சைச் சாறு போதும். வலை சற்றுத் தளர்வாக, இலேசான புளிப்போடு வரும்.

இனி தண்ணீருக்கு வருவோம். ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 100 கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். ஏர் ஃப்ரையரை 200 டிகிரிக்கு வைத்துவிட்டோமே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, ஈரமான டோஃபுவின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டுவதே இல்லை. வருகிற வெப்பத்தையெல்லாம் ஆவியாகும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பொன்னிறமும் வறுத்த மணமும் உண்டாக்கும் வினையோ 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கும். புரதத்தின் அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தரும் அந்த வினையை 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் விவரித்தார். இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. மேற்பரப்பு காயாதவரை மையார் வினை தொடங்காது. ஈரத்தோடு உள்ளே போன டோஃபு, நிறம் வருவதற்குள் உள்ளிருக்கும் தண்ணீரையும் இழந்து, தோல்போல இழுபடுவது இதனால்தான்.

ஏர் ஃப்ரையர் செய்வது எளிய வேலை. மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதையொட்டி வேகமாகச் சுழலும் விசிறி, கீழே துளையிட்ட கூடை. 2010இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதை அறிமுகப்படுத்தியது. பண்டத்தைச் சுற்றி எப்போதும் ஈரக்காற்றின் மெல்லிய படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். விசிறி இல்லாத அடுப்பில் அந்தப் படலம் போர்வைபோல் வெப்பத்தைத் தடுக்கும். விசிறிக் காற்று அதைக் கிழித்து விலக்குவதால் தண்ணீர் வேகமாகப் போகிறது. கூடையில் துண்டுகளை அடுக்கடுக்காக நெருக்கிப் போட்டால் காற்று நுழைய வழியில்லை, ஆவி உள்ளேயே சுற்றும், டோஃபு வெந்துபோகும். ஒற்றை வரிசையாக, இடைவெளி விட்டு வைக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 1500 வாட் பெட்டி 20 நிமிடம் ஓடினால் அரை யூனிட் மின்சாரம்.

எண்ணெய்க் கடாயில் வெப்பம் பாய்கிற வேகம் காற்றில் வராது. அந்தக் குறையை ஈடுகட்டுவது மேல்பூச்சு மாவு. சேலத்துக்காரர்கள் உரிமையோடு பேச வேண்டிய இடம் இது.

குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாகக் கேரளத்துக்கு வந்தது. 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் பஞ்சத்துக்கு மாற்றாக அதைப் பரப்பினார். ஜவ்வரிசியோ தென்கிழக்காசியாவில் ஒருவகைப் பனையின் தண்டு மாவில் செய்து கப்பலில் வந்துகொண்டிருந்த பொருள். இரண்டாம் உலகப் போரில் அந்தக் கப்பல்கள் நின்றன. சேலத்தைச் சேர்ந்த கருவாட்டு வணிகர் மாணிக்கம் செட்டியார் வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்தவர். அங்கே கிழங்கு மாவைப் பார்த்தார். பினாங்கிலிருந்து சேலத்துக்கு வந்த போபட்லால் ஷாவுக்கு ஜவ்வரிசி செய்யும் முறை தெரியும். 1943இல் இருவரும் சேர்ந்து கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கருவாட்டு வியாபாரியின் கூர்மையான பார்வையால் ஒரு மாவட்டத்தின் பயிரே மாறியது என்பதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன். பிறகு ஆத்தூர், ராசிபுரம் பக்கமெல்லாம் சேகோ எனும் ஜவ்வரிசி ஆலைகள் பெருகின. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆலையில் நடப்பதும் ஒருவகையில் தண்ணீரை ஆளும் வேலைதான். குச்சிக்கிழங்கைக் கழுவி, தோல் சீவி, அரைத்து, வடிகட்டினால் நார் நிறைந்த திப்பி மாட்டுத் தீவனத்துக்குத் தனியே போகும். பால் தொட்டியில் தேங்கி, ஸ்டார்ச் அடியில் படியும். அதை அப்படியே காயவைத்தால் ஸ்டார்ச் மாவு. ஈரத்தோடு உருட்டி வறுத்துக் காயவைத்தால் மாவு ஜவ்வரிசி. ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் கண்ணாடிபோன்ற நைலான் ஜவ்வரிசி. கிழங்கில் இயல்பாக உள்ள சயனைடு தரும் பொருள்களும் அரைப்பதிலும் தண்ணீரில் தேங்கவைப்பதிலும் காயவைப்பதிலும் பெருமளவு போய்விடுகின்றன.

இந்த ஸ்டார்ச் துகள் தண்ணீரோடு சேர்ந்து 60 முதல் 70 டிகிரியில் உப்பி, உடைந்து, பசையாகும். பசை காய்ந்தால் கெட்டியான, ஒழுங்கற்ற அமைப்புள்ள திடப்பொருள். இயற்பியலில் அதையும் கண்ணாடி நிலை என்றே சொல்வார்கள். பல்லில் பட்டதும் வளையாமல் நொறுங்குவது கண்ணாடி நிலையின் குணம். சித்திரை வெயிலில் மாடியில் காயும் ஜவ்வரிசி வடகமும் இதே வழியில்தான் கண்ணாடியாகிறது. அங்கே வெயில் செய்யும் வேலையை இங்கே விசிறி செய்கிறது. மரவள்ளி ஸ்டார்ச்சில் அமைலோஸ் எனும் கூறு குறைவு, ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே. மக்காச்சோள ஸ்டார்ச்சில் அது கால் பங்குக்கு மேல். அதனால் சோளமாவுப் பூச்சு கெட்டியாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். மரவள்ளிப் பூச்சு மெல்லியதாக, தெளிவாக, எளிதில் நொறுங்குவதாக வரும். கனமாகப் பூசினால் மட்டும் உள்பக்கம் பிசுபிசுக்கும். மூன்று பங்கு கிழங்கு ஸ்டார்ச்சுக்கு ஒரு பங்கு பச்சரிசி மாவு கலந்தால் அந்தக் குறையும் தீர்கிறது. இந்தக் கலவையைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

வருத்தம் ஒன்று உண்டு. மளிகைக் கடையில் கார்ன்ஃபிளார் டப்பா கண்ணில் படுகிற அளவுக்கு, நம் ஊர்க் கிழங்கு ஸ்டார்ச் சிறு பொட்டலமாகக் கண்ணில் படுவதில்லை. ஆலைகள் அதை மூட்டைக் கணக்கில் துணி ஆலைக்கும் பசைக்கும் அனுப்பியே பழகிவிட்டன. கால் கிலோ பொட்டலம் போட்டு இளம்பிள்ளைக் கடைத்தெருவிலும் விற்றால் விவசாயிக்கும் நல்லது, சமையலுக்கும் நல்லது. அதுவரை ஒரு வழி: மாவு ஜவ்வரிசியை மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளலாம். நைலான் ஜவ்வரிசி வேண்டாம். அது முன்பே முழுதும் வெந்துவிட்டதால் ஈரத்தைக் கட்டிக்கொண்டு கூழாகும். சந்தேகம் வரும் அளவுக்கு வெள்ளை வெளேரென்று இருப்பதையும் தவிர்த்துவிடுங்கள். நல்ல ஜவ்வரிசி இலேசாக மங்கியே இருக்கும்.

செய்முறை சுருக்கமானது. 200 கிராம் டோஃபுவை இரண்டு செ.மீ. துண்டுகளாக்கி, உப்பு கரைத்த கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். தண்ணீரை எடுக்கத் தண்ணீரில் போடுவது முரணாகத் தோன்றலாம். சூட்டில் புரத வலை சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிதுக்குகிறது, உப்பும் அதற்குத் துணை. பிறகு காட்டன் துணியில் பரப்பி, மேலே கனம் வைத்து அரைமணி நேரம். முந்தைய நாளே உறைபெட்டியில் வைத்து உருக்கிப் பிழிந்தால் இன்னும் நல்லது: பனிப் படிகங்கள் வலையில் குழி பறித்துவிடுவதால் தண்ணீர் தானாக வழியும், பிறகு அந்தக் குழிகளில் பாகு தங்கும். ஜப்பானியர் மலைக்குளிரில் டோஃபுவை உறையவைத்து உலர்த்திப் பாதுகாத்தது இந்தக் குணத்தால்தான்.

துண்டுகளில் ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், இரண்டு தேக்கரண்டி கடலை எண்ணெய் பிரட்டி, இரண்டு மேசைக்கரண்டி மாவுக் கலவையைத் தூவிக் குலுக்குங்கள். உடனே கூடைக்குப் போக வேண்டாம். ஐந்து நிமிடம் நின்றால் மாவு டோஃபுவின் ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். ஈரம் படாத மாவு பசையாகவே ஆகாது. எத்தனை நேரம் சுட்டாலும் வெள்ளைத் தூளாகவே நிற்கும். ஏர் ஃப்ரையர் பண்டங்களில் பலர் காணும் அந்த மாவு ருசி இப்படித்தான் வருகிறது. எண்ணெயை முற்றிலும் தவிர்ப்பதும் சரியல்ல. துகள்களுக்கு இடையே வெப்பத்தைக் கடத்துவது அந்த இரண்டு கரண்டிதான். 200 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒருமுறை குலுக்கல். கருகவிடாதீர்கள், 120 டிகிரிக்கு மேல் உருவாகத் தொடங்கும் அக்ரிலமைடு எனும் தீங்கு தரக்கூடிய பொருள் கருகலில் அதிகம் என்று 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டதிலிருந்து, பொன்னிறத்தோடு நிறுத்துவதே உணவு அறிவியலாளர்களின் அறிவுரை.

பாகுதான் கடைசிச் சோதனை. மொறுமொறுப்பான கண்ணாடிக்குத் தண்ணீர் கிடைத்தால் அது மறுபடி இளகும். நீர்த்த குழம்பில் புரட்டிய துண்டு உடனே தொய்வது அதனால்தான். எனவே பாகில் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் வெப்பமானி இல்லாமலே இதை அளக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஜேடர்பாளையம், பிலிக்கல்பாளையம் பக்கத்து உருண்டை வெல்லம் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், சிறிது புளிக்கரைசல், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் வற்ற வற்றப் பாகின் கொதிநிலை ஏறும். 110 டிகிரியை ஒட்டியதும் தண்ணீர் கால் பங்குக்கும் கீழே இறங்கியிருக்கும். விரல்களுக்கிடையே ஒற்றைக் கம்பி நீளும் நேரம் ஏறத்தாழ அதுதான். வெல்லத்தில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் கொஞ்சம் கலந்திருப்பதால் பாகு எளிதில் படிகமாகாமல் பளபளப்பாக நிற்கும். புளியின் அமிலமும் அதற்கு உதவும். ஆனால் அதே சர்க்கரைகள் காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும். ஆகவே பாகில் பிரட்டியதும் 180 டிகிரியில் இரண்டே நிமிடம் வைத்து எடுத்து, சூட்டோடு பரிமாறுங்கள்.

ஐப்பசி மழைக்காலத்தில் இந்த மொறுமொறுப்பு கால்மணி நேரம் தாக்குப்பிடித்தாலே பெரிது. விருந்தினருக்குச் செய்வதாக இருந்தால், பாகு பூசாத துண்டுகளை முன்பே சுட்டு ஆறவைத்து, மூடாமல் வையுங்கள். மூடினால் அவற்றின் ஆவியே அவற்றை நனைக்கும். ஆட்கள் உட்கார்ந்தபின் நான்கு நிமிடம் மறுபடி காற்றில் வைத்தால், இளகிய ஸ்டார்ச் இருந்த ஈரத்தை விட்டுவிட்டுத் திரும்பவும் கண்ணாடியாகும். பாகு அதற்குப் பிறகு.