உங்களுக்குத் தெரியுமா? ஏர் பிரையரா, ஓவனா… தங்கவயலில் ஒரு சுற்று!

பெங்களூருக்கு முன்பே கரண்ட் பார்த்த ஊர் எது? நம்ம கோலார் தங்கவயல்! 1902 ஜூன் மாதமே சிவனசமுத்திரம் அருவியிலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூர் தெருவில் விளக்கு எரிய 1905 வரை காத்திருந்தார்கள்!

கம்பி வந்த தூரம்? சுமார் 147 கிலோமீட்டர்! அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று!

முதலில் வந்தது ஏறக்குறைய 4,000 குதிரைத்திறன். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊர் முழுக்கச் சுரங்கம் தோண்டிய அந்தக் கரண்டில் இன்றைக்கு ஒரே நேரத்தில் ஓடக்கூடிய 1,500 வாட் ஏர் பிரையர்கள்… கிட்டத்தட்ட 2,000!

ஏர் பிரையர் பொரிப்பதே இல்லை, தெரியுமா? பெயரில்தான் பிரையர். உள்ளே ஒரு சூடாகும் கம்பி, ஒரு விசிறி. அனல்காற்றைச் சுழற்றி அடிக்கும் குட்டி ஓவன்! சட்டை மட்டும் புதுசு!

விசிறி வைத்த ஓவன் முதலில் யாருக்கு? இல்லத்தரசிக்கா? இல்லை, விமானத்துக்கு! 1940களில் அமெரிக்கர் வில்லியம் மேக்சன், உறைந்த சாப்பாட்டை ஆகாயத்திலேயே சூடாக்கச் செய்த பெட்டி அது. ஒரே மூச்சில் 6 தட்டு!

இன்றைய ஏர் பிரையர் அரங்கேறியது 2010இல், பெர்லின் கண்காட்சியில். பிலிப்ஸ் கொண்டுவந்தது. வயசைப் பாருங்கள், பதின்பருவம்தான்!

தங்கவயலின் அடியாழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டியது! பல ஏர் பிரையர்களில் குறைந்தபட்சச் சூடே 80தான். சுரங்கத்தில் காற்றை உள்ளே அனுப்பியது மனிதரைக் குளிர்விக்க. நம் வீட்டில் காற்றைச் சுழற்றுவது உருளைக்கிழங்கை வறுக்க!

வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்! சின்ன பிளக் பாயின்ட் தாங்குவது 6 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். உங்கள் ஏர் பிரையரோ 1,500! ஓ.டி.ஜி. ஓவனும் பெரும்பாலும் இதே ரகம்தான். இரண்டுக்குமே 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். கடைக்காரர் இதைச் சொன்னாரா? என்னிடம் சொல்லவில்லை!

கரண்ட் பில் பயமா? 1,500 வாட் ஏர் பிரையர் 20 நிமிடம் முழு மூச்சில் ஓடினாலும் அரை யூனிட்தான்!

ஏர் பிரையரில் அப்பளம் போட்டிருக்கிறீர்களா? நான் போட்டேன். பறந்தது! விசிறிக்காற்று தூக்கிக்கொண்டுபோய் மேலே இருக்கும் கம்பியில் ஒட்டவைத்துவிட்டது. கருகல் வாசம் பக்கத்து வீட்டுக்கே போய்விட்டது. மேலே ஒரு சின்னக் கம்பித்தட்டைக் கவிழ்த்து வைத்தேன். அடங்கியது. ஆன நேரம் 1 நிமிடம்!

தளர்ந்த வடை மாவு? வேண்டவே வேண்டாம்! எண்ணெயில் விழுந்த மாவு அந்தக் கணமே இறுகும். கூடையில் விழுந்த மாவோ ஓட்டை வழியே ஒழுகும். எனக்குக் கிடைத்தது மேலே பாதி வடை, கீழே பாதி தோசை!

ஆனால் ஆறிப்போன சமோசாவை அதில் வைத்துப் பாருங்கள். மொறுமொறுவென்று உயிர்த்தெழும்! 180 டிகிரி, 4 நிமிடம்! இந்த ஒன்றுக்காகவே நான் அந்தப் பெட்டியை மன்னித்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் பிளம் கேக்கா? அங்கே ஓவன்தான் ராஜா! 150 டிகிரியில் நிதானமாக ஒன்றரை, இரண்டு மணி நேரம் வேக வேண்டிய பெரிய கேக் அது. ஏர் பிரையரில் கம்பி தலைக்குமேலேயே நிற்கிறது. மேலே கருகும், நடுவில் கூழ்! இடத்தையும் பாருங்கள்: ஏர் பிரையர் கூடை 4 லிட்டர், ஓ.டி.ஜி. 30 லிட்டர்!

வீட்டில் இரண்டு பேரா, ஏர் பிரையர். ஆறு பேரா, ஓவன். இது என் தீர்ப்பு, சண்டைக்கு வராதீர்கள்!

ஆங்கிலோ இந்தியர் வீட்டு ரோஸ் குக்கீ தெரியுமா? நம்ம அச்சு முறுக்கேதான்! அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் சுடவைத்து, மாவில் தோய்த்து, திரும்ப எண்ணெயில் இறக்கி ஓர் உதறு. பூ கழன்று மிதக்கும்! இந்தத் தேர்வில் ஏர் பிரையர் வாங்கிய மார்க் 0. ஓவனும் 0!