எண்பதுகளின் ஹெவி மெட்டல் இசைக்குழுக்களை வகைப்படுத்தல்

எண்பதுகளின் ஹெவி மெட்டல் இசைக்குழுக்களை வகைப்படுத்தல் என்பது, 1980களில் இயங்கிய ஹெவி மெட்டல் குழுக்களை இசை விமர்சகர்கள் உட்பிரிவுகளாகப் பிரித்துத் தரம் கூறிய முறையைக் குறிக்கும். இப்பிரிவுப் பெயர்களில் பல, இசைஞர்கள் தமக்கு இட்டுக்கொண்டவை அல்ல. இதழ்களில் எழுதியோர் இட்டவை. காரைக்கால், நெடுங்காடு வட்டாரத்தில் கோயில் திருவிழாக்களில் நாதசுவரம் கேட்டுப் பழகியோர் வாசிப்பவரின் பாணியை இனங்காண்பதுடன் இதனை ஒப்பிடலாம். எனினும், அங்கே பாணி என்பது குருவழியாக வருவது. ஹெவி மெட்டலில் அத்தகைய குருமரபு இல்லாமையால் எழுதுவோரின் சொல்லுக்கு வலு கூடியது.

பெயர்களின் தோற்றம்

1979 மே மாதம் அயர்ன் மெய்டன், சாம்சன், ஏஞ்சல் விட்ச் ஆகிய குழுக்கள் இலண்டனில் நடத்திய நிகழ்ச்சி குறித்து ஜெஃப் பார்ட்டன் 'சவுண்ட்ஸ்' இதழில் எழுதினார். அதில் 'பிரித்தானிய ஹெவி மெட்டலின் புதிய அலை' என்னும் தொடர் இடம்பெற்றது. அதனை உருவாக்கியவர் இதழாசிரியர் ஆலன் லூயிஸ். ஒன்றுக்கொன்று ஒலியில் வேறுபட்ட குழுக்களும் இப்பெயரின் கீழ் வந்தன. டெஃப் லெப்பர்ட் குழுவினர் இதனை விரும்பவில்லை. மோட்டார்ஹெட் குழுவின் லெமி தமது இசை வெறும் ராக் அண்ட் ரோல் என்றே கூறிவந்தார்.

1981 இல் 'சவுண்ட்ஸ்' இதழின் இணைப்பாகத் தோன்றிய 'கெராங்!' இதழில் மால்கம் டோம் 1984 இல் 'திராஷ் மெட்டல்' என்னும் பெயரைப் பயன்படுத்தினார். 'பிளாக் மெட்டல்' என்பது வெனம் குழுவின் 1982 ஆம் ஆண்டு இசைத்தொகுப்பின் தலைப்பு.

மதிப்பிடும் அளவைகள்

வேகம், கிதாரின் கனம், பாடும் முறை, பாடுபொருள் என்பன வகையைத் தீர்மானித்தன. தரத்தைத் தீர்மானித்ததோ பெரும்பாலும் 'உண்மைத்தன்மை' என்னும் தெளிவற்ற அளவை. 30 நிமிடத்திற்கும் குறைவான, வானொலிக்குச் சற்றும் இணங்காத சிலேயரின் 'ரெய்ன் இன் பிளட்' (1986) போற்றப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பாய்சன் போன்ற, ஒப்பனையும் மென்மையான காதற்பாடல்களும் கொண்ட குழுக்கள் பின்னாளில் 'ஹேர் மெட்டல்' எனப்பட்டன. இது வகையின் பெயராகத் தோன்றினாலும் தலைமுடியைச் சுட்டும் ஏளனமே. இசையைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை.

வகைக் குழப்பம் விருதுகளிலும் வெளிப்பட்டது. 1989 கிராமி விழாவில் ஹார்ட் ராக், மெட்டல் இரண்டிற்கும் சேர்த்து ஒரே விருது வழங்கப்பட்டது. மெட்டாலிக்காவைத் தாண்டி, புல்லாங்குழலுக்குப் பெயர்பெற்ற ஜெத்ரோ டல் அதனை வென்றது. அடுத்த ஆண்டே விருது இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

மறுமதிப்பீடு

சமூகவியலாளர் டீனா வைன்ஸ்டைன் 1991 இல் வெளியான தம் நூலில் இவ்விசையை 'லைட் மெட்டல்', 'திராஷ்' என இரு போக்குகளாகப் பிரித்து ஆராய்ந்தார். இசையியலாளர் ராபர்ட் வால்சர் 1993 இல், ராண்டி ரோட்ஸ் முதலிய கிதார் கலைஞர்கள் பாக், விவால்டி ஆகியோரின் இசையிலிருந்து எடுத்தாண்டவற்றைச் சுரக்குறிப்புகளுடன் விளக்கினார். இரைச்சல் என ஒதுக்கப்பட்ட இசைக்கு இது முக்கியமான திருப்பம் எனலாம்.

இந்தியாவில்

மும்பையில் 1984 இல் தோன்றிய ராக் மெஷின், மேலைப் பாடல்களை இசைத்துத் தொடங்கி, 1988 இல் சொந்தப் பாடல்கள் கொண்ட 'ராக் அண்ட் ரோல் ரெனிகேட்' தொகுப்பை வெளியிட்டது. ராக் இசைக்கெனவே நடத்தப்பட்ட 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' 1993 இல்தான் அலகாபாத்தில் தொடங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ராக் மெஷின் தன் பெயரை இண்டஸ் கிரீட் என மாற்றிக்கொண்டது.