எங்கட குளம் படத்தில் ஏன் இல்லை?
கணனி வரைபடமும் அரித்தெடுக்கும் அடுக்குகளும்

சில மாதங்களுக்கு முன் மீள்குடியேற்றம் பற்றிய கூட்டம் ஒன்றுக்கு எமது விவசாயிகள் சிலருடன் போயிருந்தேன். சுவரில் பெரிய வரைபடம் ஒன்று தொங்கியது. குளங்கள் நீலம், வீதிகள் சிவப்பு, வயல் மஞ்சள், காடு பச்சை. கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் அதன் முன்னே நின்று தத்தமது ஊரைத் தேடினார்கள். வயோதிபத் தாய் ஒருவர் விரலை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாதர், றோட்டு இருக்கு. கோயிலடி இருக்கு. எங்கட குளத்தைக் காணேல்லை. வயல் கிடந்த இடமும் பச்சையாக் கிடக்கு."

"கேட்டுப் பாப்பம் அம்மா" என்றேன். கேட்டோம். அங்கிருந்த இளம் அலுவலர் எதையும் மறைக்கவில்லை. "இது பில்டர் பண்ணி எடுத்த லேயர், பாதர். தரவில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வரும்" என்றார். அந்தத் தாய்க்கு அது விளங்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் நான் சொன்ன விளக்கமும் போதவில்லை. ஆகவேதான் இதைச் சற்று ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் 'லேயர்' என்பது என்ன? பாடநூல்களில் இதைப் 'படை' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எமது மக்களுக்கு வேறொன்றுதான் நினைவுக்கு வரும். எனவே நான் 'அடுக்கு' என்றே எழுதுகிறேன். கண்ணாடிபோன்ற தாள் ஒன்றில் குளங்களை மட்டும் வரைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தாளில் வீதிகள், மற்றொன்றில் காணி எல்லைகள். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஊர் தெரியும். வேண்டாத தாளை உருவி எடுக்கலாம். 1960களில் கனடா தன் நாட்டு நிலத்தை எதற்கு ஏற்றது என்று வகைப்படுத்த முற்பட்டபோது, இப்படிக் கையால் தாள் அடுக்கிப் பார்க்கும் வேலைக்கு ஆட்களும் பணமும் கட்டுப்படியாகவில்லை. ரோஜர் டொம்லின்சன் என்பவர் அதைக் கணனியிடம் ஒப்படைக்க வழி செய்தார். இன்று எமது காணிப் படங்களிலும் அதே முறைதான் பயன்படுகிறது.

காகிதத் தாளுக்கும் கணனி அடுக்குக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கணனியில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. நிவாரணக் காலத்தில் குடும்ப அட்டைப் பதிவேடு பார்த்திருப்பீர்கள், அதுபோன்றது. ஒரு காணித் துண்டுக்கு ஒரு வரி. அந்த வரியில் பெயர், பரப்பளவு, லொட் இலக்கம், இப்போதைய பயன்பாடு என்று கட்டங்கள். படம் எதைக் காட்டுகிறது என்பதை முடிவு செய்வது இந்தக் கட்டங்களில் எழுதப்பட்ட சொற்களே.

மா அரிப்பதைப்போல இந்த அட்டவணையை அரிக்கலாம். அரிதட்டின் கண் எவ்வளவோ அவ்வளவுதான் கீழே விழும். கணனியில் அந்தக் கண்தான் நிபந்தனை. கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் (2002இல் கேரி ஷெர்மன் தொடக்கியது; எவரும் பணம் கொடுக்காமல் கணனியில் ஏற்றிக்கொள்ளலாம்) ஓர் அடுக்கின் பெயரில் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் 'பில்டர்' என்று வரும். அதில் 'வகை = குளம்' என்று எழுதினால் குளங்கள் மாத்திரம் திரையில் நிற்கும். மற்றவை அழிவதில்லை, மறைந்து நிற்கின்றன. நிபந்தனையை எடுத்துவிட்டால் திரும்ப வரும். இன்னொரு வழி, குளங்களை மாத்திரம் தெரிவு செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்துப் புதிய கோப்பாகச் சேமிப்பது. இது தனி அடுக்கு. இதற்குள் குளங்கள் தவிர வேறொன்றும் இல்லை.

இரண்டாவது வழியில் ஒரு சங்கடம் உண்டு. புதிய அடுக்கு ஒரு பிரதி. மூல அடுக்கில் பின்னர் யாராவது பிழையைத் திருத்தினாலும் பிரதி திருந்தாது. திருத்தத்துக்கு முன் பிரித்தெடுத்த அடுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய், அங்கே அச்சாகிச் சுவரில் ஏறினால், திருத்தம் ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமுமாக நிற்கும்.

இனி அந்தத் தாயின் குளத்துக்கு வருவோம். ஒரு குளம் அரிதட்டில் தங்கிப்போகப் பல வழிகள் உண்டு. மன்னாரின் கட்டுக்கரைக்குளத்தையோ கிளிநொச்சியின் இரணைமடுக்குளத்தையோ எவரும் தவறவிடமாட்டார்கள். சிக்கல் சிறு குளங்களுக்குத்தான். எமது நாட்டில் 80 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரையான வயலுக்குப் பாய்ச்சும் குளம் சிறு குளமாகக் கருதப்படுகிறது. அவை பொதுவாகக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களுடையவை. 'பெரிய குளங்கள் மட்டும்' என்று அரித்தால் கிராமத்துக் குளம் போய்விடும். படம் நெருக்கமாகத் தெரியக்கூடாது என்று ஒரு குறிப்பிட்ட பரப்பளவுக்குக் குறைந்தவற்றை நீக்கினாலும் அதே கதி.

அடுத்தது சொல். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரைகிறார்கள். அதில் ஒருவர் குளத்தை 'ரிசவோயர்' என்று குறிப்பார். மற்றவர் வெறுமனே 'வோட்டர்' என்று குறிப்பார். இரண்டும் அங்கு வழக்கில் உள்ள குறிப்புகளே. ஒன்றை மாத்திரம் கேட்டு அரித்தால் மற்றது வராது. கேட்பவர் இரண்டு சொல்லையும் 'அல்லது' போட்டு இணைக்க வேண்டும்.

காலமும் ஒரு காரணம். குளத்தை ஆவணியில் மேலிருந்து படம் பிடித்தால் வறண்ட புல்வெளி தெரியும். மார்கழியில் பிடித்தால் தண்ணீர் தெரியும். ஆவணிப் படத்தைப் பார்த்து வரைந்தவர் அதைப் புல் நிலம் என்று எழுதியிருந்தால், அவர் கண்டதைத்தான் எழுதினார்.

இதைவிட ஆபத்தானது காலியாக விடப்பட்ட கட்டம். ஒரு கிராமத்தில் 10 காணித் துண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். பயன்பாடு என்ற கட்டத்தில் ஐந்துக்கு 'வயல்', இரண்டுக்கு 'காடு' என்று எழுதியிருக்கிறது. மூன்றுக்கு ஒன்றும் எழுதவில்லை; கேட்டு எழுத ஊரில் ஆள் இல்லை, எல்லோரும் இடம்பெயர்ந்திருந்தார்கள். இப்போது 'காடு அல்லாதவற்றைத் தா' என்று கேட்கிறோம். எமது கணக்கில் எட்டு வரவேண்டும். கணனி ஐந்தைத்தான் தரும். காலிக் கட்டம் அதற்கு 'தெரியாது'. தெரியாததை அது காடு என்றும் சொல்லாது, காடு அல்ல என்றும் சொல்லாது; சத்தமில்லாமல் விட்டுவிடும். 'அல்லது காலியாக உள்ளவை' என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கேட்டால்தான் எட்டும் வரும். அனுபவமுள்ளவர்களும் இதில் தவறுவதைக் கண்டிருக்கிறேன். எமது மக்களைப் பொறுத்தவரை, இருந்து பதில் சொல்ல முடியாமற்போன குடும்பத்தின் காணியே இப்படி முதலில் விழுந்துபோகிறது.

'காடு' என்று எழுதியிருக்கும் இரண்டும் உண்மையில் காடுதானா என்பது வேறு கேள்வி. இருபது வருடம் உழாத வயலில் பற்றை வளரும், பிறகு மரம் வளரும். செய்மதிப் படத்துக்கு அது பச்சை. 2009இல் போர் முடிந்த பின் வன்னியிலும் மன்னாரிலும் மக்கள் திரும்பியபோது, முன்னர் பயிர்செய்த நிலம் காடாகக் குறிக்கப்பட்டிருப்பதாகப் பல பிணக்குகள் எழுந்தது நீங்கள் அறிந்ததே. அந்த அடுக்கை வைத்து மேலும் அரித்தால் பிழை அடுத்த அடுக்குக்கும் இறங்கும்.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அடுக்கை இன்னோர் அடுக்கின் எல்லைக்குள் விழுவதைக்கொண்டும் அரிக்கலாம்: காட்டு எல்லைக்குள் உள்ள காணிகள் எவை என்பதுபோல. அப்போது இரண்டும் ஒரே ஆள்கூற்று முறையில் சரியாகப் பொருந்த வேண்டும். எமது நாட்டின் பழைய நில அளவைப் படங்களின் முறை வேறு, கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். முறை வேறு. மாற்றாமல் மேலே வைத்தால் நூறு மீற்றருக்கும் அதிகமாக விலகி நிற்கும். ஒரு வயல் காட்டுக்குள் போக அது போதும்.

ஆகவே படத்தைக் காட்டுபவரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: இந்த அடுக்கை எதிலிருந்து, எந்த நிபந்தனையால் எடுத்தீர்கள்? மூலத் தரவு எந்த வருடத்தது? காலிக் கட்டங்களை என்ன செய்தீர்கள்? இவற்றுக்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பதில் சொல்ல முடியாவிட்டால் அதையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

காலிக் கட்டத்தை நிரப்ப உங்களிடம்தான் தகவல் இருக்கிறது. உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த பேமிற் காணியானால் பிரதேச செயலகத்தின் பேரேட்டில் பதிவு இருக்க வேண்டும். குளத்தின் பெயர், எந்த வாய்க்கால், கடைசியாக எந்த வருடம் காலபோகம் செய்தீர்கள், பக்கத்துக் காணி யாருடையது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். காணிக்குப் போக முடிந்தவர்கள் தொலைபேசியுடன் குளக்கட்டில் நடந்தால் அதன் வளைவு பதிவாகும். ஆனால் வெடிபொருள் எச்சரிக்கை உள்ள இடத்துக்கு, அளக்கவென்று ஒருவரும் இறங்க வேண்டாம்.

போக முடியாதவர்கள் செய்மதிப் படத்தில் பார்க்கலாம். பற்றை மூடினாலும் குளக்கட்டின் வளைவும் வரம்புகளின் கட்டம் கட்டமான கோடுகளும் பல இடங்களில் தெரிகின்றன. அந்தத் தாயை எமது அலுவலகக் கணனிக்கு முன் இருத்திப் பார்த்தோம். நான் ஒரு வளைந்த கோட்டைக் காட்டி, "இதுதானே அம்மா கட்டு?" என்றேன்.

"அது பழைய வண்டில் பாதை, பாதர். கட்டு இஞ்சால, மருத மரத்தடியில தொடங்குது."

அவர் சொன்னபடி வரைந்து, வகைக் கட்டத்தில் குளம் என்றும், பெயர்க் கட்டத்தில் ஊரார் அழைக்கும் பெயரையும், கீழேயுள்ள ஒன்பது குடும்பங்களின் வயலையும் எழுதி அனுப்பியிருக்கிறோம். மூலத் தரவில் அது சேர்க்கப்பட்டுவிட்டது. சுவரில் தொங்குவது இன்னும் பழைய பிரதிதான். புதிதாக அரித்து அச்சிடும்படி எழுத்தில் கேட்டிருக்கிறோம்.