வீழ்ந்த மீனும் மாண்ட மன்னனும்

புறநானூற்றின் 229ஆம் பாட்டை வகுப்பில் எடுத்தால், "சேர், இதை நம்பினா ஷிர்க் இல்லையா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்விதான்.

பங்குனி மாத நள்ளிரவில் ஒரு விண்மீன் எரிந்து விழுகிறது. சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு வருமோ என்று கூடலூர் கிழார் அஞ்சுகிறார். ஏழாம் நாள் மன்னன் மாண்டான். யானை தும்பிக்கையை நிலத்தில் வைத்துக் கிடந்தது. முரசு கிழிந்து உருண்டது. வெண்குடை கால் ஒடிந்தது.

அறபிகளும் வானத்தைப் பார்த்து அஞ்சியவர்கள்தான். சிலர் ஷிஃரா என்னும் விண்மீனை வணங்கினார்கள். அதற்கும் றப்பு அல்லாஹ்வே என்கிறது அல்குர்ஆன் (53:49). நபி (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் மௌத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. பிள்ளையின் மௌத்துக்காகத்தான் என்று சனங்கள் பேசினார்கள். எவருடைய இறப்புக்கும் பிறப்புக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று, அந்தத் துக்கத்திலும் நபியவர்கள் திருத்தினார்கள்.

அதற்காகப் பாட்டை ஒதுக்கத் தேவையில்லை. சகுனம் நம்மட நம்பிக்கையல்ல. ஆனால் அதைச் சொல்லிக் கிழார் அழுவது ஒரு மனிதனின் பிரிவுக்காக. பெரிய இழப்பு வந்தால் வானமும் சேர்ந்து அழ வேண்டும் என்று மனம் கேட்கும். அந்த மனத்தைத்தான் பாட்டு காட்டுகிறது. கார்த்திகை மீன்கூட்டத்தின் அறபுப் பெயரைத்தான் 'சுரையா' என்று பிள்ளைகளுக்கு வைக்கிறோம். அழகை எடுத்துக்கொண்டோம், சகுனத்தை விட்டுவிட்டோம். பாட்டையும் அப்படி வாசிக்கலாம்.